தென்னாற்காட்டு வானம்

விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறுவதற்காகப் பின்னிரவில் ஓரிரு மணி நேரமேனும் காத்துக் கிடக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் அரியர். மாயவரம், கும்பகோணம் மார்க்கமாக வருகிறவர்களும், சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம் தாண்டி வருகிறவர்களும், திருவண்ணாமலைக்கும் காட்பாடிக்கும் போகிறவர்களும், புதுச்சேரிக்குப் பிரிகிறவர்களும் ஒருங்கே வந்து கூடிக் கலையும் அந்த நிலையத்தில், 1910ஆம் ஆண்டில் ஒரு நாள், கும்பகோணத்து வண்டியிலிருந்து இறங்கித் திருக்கோவலூர் வண்டிக்கு மாறினார், இருபத்திரண்டு வயது நிரம்பிய இளைஞர் ஒருவர். அவரிடம் இருந்த சொத்து கணிதக் குறிப்புகள் நிரம்பிய ஒரு நோட்டுப் புத்தகம். அவருக்கு வேண்டியிருந்தது வயிற்றுப்பாட்டுக்கு ஒரு குமாஸ்தா வேலை. அந்த இளைஞராகிய ஸ்ரீனிவாச ராமானுஜனுடைய பெயரைத் தாங்கிய சிறுகோள் ஒன்று, இன்று, செவ்வாயின் பாதைக்கும் வியாழனின் பாதைக்கும் இடைப்பட்ட பெருவெளியில் சூரியனை வலம் வந்துகொண்டிருக்கிறது. அதன் வரிசை எண் 4130.

சிறுகோள்களைப் பற்றிய பேச்சென்றால் பாலெர்மோ, பெர்லின், ஹைடெல்பெர்க் என்று ஐரோப்பிய நகரங்களையே நினைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கற்களைத் தேடிக் கண்டெடுத்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு, அதிலும் பழைய தென்னாற்காட்டுச் சீமைக்கு, உரிய பங்கு ஒன்று உண்டு என்பதைத் திண்டிவனத்துக்காரனாகிய நான் மிகத் தாமதமாகவே அறிந்துகொண்டேன். அறிந்தபின் அதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, சிசிலித் தீவின் பாலெர்மோ நகரில், பியாத்ஸி என்ற பாதிரியார் நட்சத்திரங்களை அளந்துகொண்டிருந்தபோது, அவற்றினிடையே இடம் பெயர்கின்ற ஒரு புள்ளியைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஒரு கிரகம் இருத்தல் வேண்டும் என்று கணிதர்கள் அதுகாறும் ஊகித்துவந்தனர். பியாத்ஸி கண்ட செரெஸ் அந்த ஊகத்தை நிறைவேற்றியது போலத் தோன்றிற்று. ஆனால் அடுத்த ஆறே ஆண்டுகளில் அதே வெளியில் இன்னும் மூன்று அகப்பட்டன. ஒரு கிரகத்தைத் தேடப் போய்ப் பல சிறு துணுக்குகளைக் கண்ட அந்த ஏமாற்றத்திலிருந்தே சிறுகோள்களின் சரித்திரம் தொடங்குகிறது. பிறகு நெடுங்காலம் ஓய்ந்திருந்த தேட்டம் 1845க்குப் பின் மீண்டும் சூடு பிடித்து, 1861ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறுபதைத் தாண்டிற்று. அவ்வளவும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காணப்பட்டவை. ஆசியக் கண்டத்து மண்ணில் நின்று ஒருவரும் ஒரு சிறுகோளையும் அதுவரை கண்டதில்லை.

அக்காலத்தில் ஆசியாவில் அதற்கு ஏற்ற இடமாக விளங்கியவற்றுள் தலையாயது சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையம். 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கும்பினி உத்தியோகஸ்தர் தம் சொந்த உபயோகத்துக்கு எழும்பூரில் அமைத்ததைக் கும்பினியார் ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பினார்கள். அந்தக் கட்டடத்தில் யந்திரத்தைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலையில், வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் நிற்கிறது. கையால் தடவிப் பார்த்தால் உளியின் சொரசொரப்பு தெரியும். தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பல மொழிகளில் அதன்மேல் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆசியாவில் கணித சாஸ்திரங்கள் ஆங்கிலேயர் தயவால் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்பது அதன் கருத்து.

அந்தக் கருத்தில் தூணின் உறுதி உண்டே ஒழிய உண்மை இல்லை. தூண் நடப்படுவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே, விழுப்புரத்துக்கு ஒரு நாள் நடையில் உள்ள புதுச்சேரியில், வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்து தங்கிய லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலார், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரிடம் மாணாக்கரைப் போல் அமர்ந்து கிரகண கணிதம் பயின்றார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அத்தமிழ் முறை 41 விநாடி குறைத்துச் சொல்லிற்று என்றும், ஐரோப்பாவில் அந்நாளில் மேலானதெனக் கொண்டாடப்பட்ட மேயரின் அட்டவணை 68 விநாடி மிகுத்துச் சொல்லிற்று என்றும் அவரே கணக்கிட்டுக் குறித்துவைத்தார். பிறகு சென்னை நிலையத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் வகித்த ஜான் வாரன், 1825இல் வெளியான தம்முடைய ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில், புதுவையில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே கிரகணத்தைக் கணித்ததை நேரில் கண்டு எழுதினார். ஏடும் எழுத்தாணியும் இல்லாமல், சோழிகளை இங்கிருந்து அங்கே நகர்த்தி, சந்திரன் எப்போது இருளும் என்று சில நிமிஷ வித்தியாசத்தில் சொன்ன அந்தப் பெரியவருடைய ஞானத்துக்குமுன் எந்தத் தூணும் சற்றுத் தலை தாழ்த்தத்தான் வேண்டும்.

ஆயினும் நம்முடைய கணிதர் சோழிகளுக்குள் சிறுகோள்கள் சிக்கியிருக்க வழி இல்லை. அவை பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாதவை. தொலைநோக்கி இன்றி அவற்றுக்கு இருப்பே கிடையாது. ஆனால் அவற்றைக் கண்டுபிடிக்கும் வழி எந்தக் குணத்தைச் சார்ந்திருக்கிறதோ அந்தக் குணத்தை நம்மவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதற்கு வக்கிரம் என்று பெயரும் வைத்திருந்தார்கள். நேர்கதியில் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் கிரகம், பூமி அதை முந்திக்கொண்டு போகிற நாட்களில், சில காலம் நின்று மேற்கே பின்வாங்குவது போலத் தோன்றும். செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றுக்கு உள்ள இந்த வக்கிரகதி சிறுகோள்களுக்கும் உண்டு. சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழுந்து இரவு முழுதும் தெரிகிற அந்த நாட்களில்தான் அவை பூமிக்கு அருகே வந்து மிகுந்த ஒளி பெறுகின்றன, அப்போதுதான் அகப்படுகின்றன.

வக்கிரம் என்றவுடன் எங்கள் பக்கத்தார்க்கு நினைவுக்கு வருவது திருவக்கரை. திண்டிவனத்திலிருந்து மயிலம் கடந்து உள்ளே போனால், சம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயிலும் அதன் வாயிலில் வக்கிரகாளியம்மன் சந்நிதியும். அங்கே ராஜகோபுரமும் கொடிமரமும் நந்தியும் மூலஸ்தானத்துக்கு நேர்கோட்டில் நில்லாமல் ஒன்றுக்கொன்று விலகி நிற்பதைக் காட்டி, கிரகங்களின் வக்கிரத்தால் நேரும் தோஷம் இங்கே வழிபட்டால் தீரும் என்று ஊரார் சொல்வார்கள். பௌர்ணமி இரவில் கூடும் ஜனத்திரள் சொல்லி முடியாது. பௌர்ணமிச் சந்திரனும் வக்கிரத்தில் இருக்கும் சிறுகோளும் சூரியனுக்கு எதிர்த்திசையில் நிற்பவை என்ற ஒற்றுமை, அந்தக் கூட்டத்தில் நெருக்குண்டு நின்ற ஒரு முறை எனக்குத் திடீரென்று தோன்றியது. அன்றைக்கு வீடு திரும்பும் வரையில் வேறு நினைவே எழவில்லை.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 1829இல் பிறந்த நார்மன் ராபர்ட் பாக்ஸன், ஐரோப்பாவிலேயே மூன்று சிறுகோள்களைக் கண்டவர். ஐந்து படி மங்கலுக்கு நூறு மடங்கு ஒளிக்குறைவு என்ற கணக்கை 1856இல் வகுத்து, நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க உலகம் இன்றும் கையாளும் அளவுகோலைத் தந்தவர். சென்னை நிலையத்தின் தலைமையை ஏற்று 1861இல் அவர் வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே, துன்மதி வருஷம் சித்திரை மாதத் தொடக்கத்தில், அதாவது ஏப்ரல் 17ஆம் நாள், நுங்கம்பாக்கத்து வானத்தில் ஒரு புதிய சிறுகோள் அவருக்குப் புலப்பட்டது. அக்காலத்து முறையை இன்றைய வாசகர் எண்ணிப் பார்க்கவேண்டும். புகைப்படம் கிடையாது. வானத்தின் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மங்கிய நட்சத்திரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் படத்தில் புள்ளியிட்டு, மறுநாள் இரவு அதே துண்டை மீண்டும் பார்த்து, நேற்று இல்லாத புள்ளி ஏதேனும் இருக்கிறதா, நேற்று இருந்தது ஏதேனும் நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடவேண்டும். சித்திரை மாதத்துச் சென்னை இரவின் புழுக்கத்தில், வியர்வை கண்ணில் வழிய, அடங்கிய விளக்கொளியில் படத்தையும் இருளில் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துச் செய்த வேலை அது. ஆசிய மண்ணில் முதன்முதலாகக் காணப்பட்டது என்பதனால் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். வரிசையில் அது 67ஆவது.

பின்னர் 1864இல் சாப்போ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885 பிப்ரவரியில் வேரா என, சென்னையிலிருந்து அவர் கண்டவை ஐந்தாயின. சில்வியாவைச் சுற்றி இரண்டு சிறு துணைக்கோள்கள் வலம் வருகின்றன என்று 2005இல் தெரியவந்தபோது, இரு துணைகளை உடையதெனக் கண்ட முதல் சிறுகோள் என்ற பெருமை நுங்கம்பாக்கத்துக் கண்டுபிடிப்பு ஒன்றுக்கு வாய்த்தது. பாக்ஸனின் மகள் ஐசிஸ் 1873 முதல் அந்நிலையத்திலேயே கணக்கிடும் பணியில் இருந்தாள். நிலையத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாசாரியார் 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்து, 1872இல் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினராகவும் ஆனார். தொலைநோக்கியில் கண்டதைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என்று திருக்கணித பஞ்சாங்கம் வெளியிட்டவரும் அவரே. புதுவையில் சோழி பரப்பியவருக்கும் நுங்கம்பாக்கத்தில் யந்திரம் திருப்பியவருக்கும் நடுவே நின்று இரண்டு பக்கத்தையும் அறிந்திருந்த அந்த ஆசாரியாருக்கு நாம் செய்யவேண்டிய மரியாதையைச் செய்யவில்லை என்றே கருதுகிறேன்.

இவையெல்லாம் சென்னையின் கதையாயிற்றே, விழுப்புரத்துக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நிலையக் கடிகாரத்தைத்தான் பதிலாகக் காட்டவேண்டும். நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தும் வேலையும் நுங்கம்பாக்கத்து நிலையத்துக்கே உரியதாயிருந்தது. அங்கே கணித்த சென்னை நேரம் தந்திக் கம்பி வழியாக ரயில் நிலையங்களுக்குச் சென்றது; இந்தியாவின் ரயில் பாதைகள் பெரும்பாலும் அந்த நேரத்தையே கைக்கொண்டன. 1879இல் புதுச்சேரிக் கிளை திறக்கப்பட்டு விழுப்புரம் சந்திப்பானபோது, அதன் கடிகாரத்தை நடத்தியது, சிறுகோள் தேடிய அதே நிலையத்தின் நட்சத்திரக் கணக்குத்தான். 1906 ஜனவரி முதல் நாளில் இந்திய நேரம் பொதுவாக வந்தபோது கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் முன்னே தள்ளப்பட்டன.

ஆசியா என்ற அந்தச் சிறுகோளின் குறுக்களவு சுமார் 58 கிலோமீட்டர் என்று இப்போது அளந்திருக்கிறார்கள். இதை மனத்தில் வாங்கிக்கொள்ள எங்களுக்கு எளிய வழி உண்டு: விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் காக்கை பறக்கும் தூரம் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டு ஊர்களையும் இரண்டு ஓரங்களில் வைத்து, நடுவே கிடக்கும் வயலும் ஏரியும் குன்றும் அடங்க ஒரே பாறையாக உருட்டி, ஆகாயத்தில் விட்டால் அது மூன்றேமுக்கால் ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றும். சுமார் பதினாறு மணி நேரத்தில் தன்னைத் தானே ஒரு முறை சுழன்றுகொள்ளும். அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியை நிறம் பிரித்துப் பார்த்தவர்கள், மணற்சத்துள்ள கனிமங்களும் இரும்பும் கலந்த கற்பாறை இனம் அது என்கிறார்கள். சாப்போவும் வேராவும் அந்த இனமே. சிறுகோள் மண்டலத்தின் உட்பகுதியில் இந்தக் கல் இனத்தார் மிகுதி. புறப்பகுதியில் கரி போலக் கறுத்தவை மிகுதி.

எட்டாத் தொலைவிலுள்ள அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க முடியுமா? வேராவை பாக்ஸன் கண்டு ஓராண்டு நிறைவதற்குள், 1886 ஜனவரியில், அன்றைய தென்னாற்காட்டைச் சேர்ந்த, திருவண்ணாமலைப் பக்கத்து நம்மியந்தலில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. நாலரைக் கிலோ எடையுள்ள அது, உருகி உருண்ட சிறு மணிகள் செறிந்த, விண்கற்களுள் மிகப் பரவலான இனத்தைச் சேர்ந்தது. இந்த இனக் கற்கள் கல் வகைச் சிறுகோள்களின் சிதறல்களாகத்தான் இருக்கவேண்டும் என்று பலர் எண்ணினாலும், கையிலுள்ள கல்லின் நிறமும் வானத்துச் சிறுகோளின் நிறமும் ஒத்துவரவில்லை. சிறுகோள் சற்றுச் செம்மை பாய்ந்து தெரிந்தது. இந்த வழக்கு பல ஆண்டுகள் தீராமல் இழுத்தது. ஜப்பானியரின் ஹயபூசா விண்கலம் 2005இல் இத்தோகாவா என்ற கல் வகைச் சிறுகோளில் இறங்கி, 2010இல் ஒரு சிட்டிகைக்கும் குறைவான தூசியைக் கொண்டுவந்து சேர்த்தபோதுதான் தீர்ந்தது. சூரியக் காற்றும் நுண்கற்களின் மோதலும் ஓயாமல் பட்டுப் பட்டு மேற்பரப்பு நிறம் மாறுகிறதே ஒழிய, உள்ளே இருப்பது நம் வயலில் விழும் அந்தக் கல்லின் இனமே. எல்லா மாடுகளும் வெயிலில் நின்று நின்று நிறம் மங்கினாலும் கன்றைப் பார்த்தால் தாய் இன்னதென்று தெரிவதுபோல.

திருவக்கரையில் கோயிலுக்குச் சற்றுத் தள்ளிச் செம்மண் மேட்டில் கல்மரங்கள் கிடக்கின்றன. பட்டையின் வரியும் கணுவும் அப்படியே இருக்க, தட்டினால் கல்லோசை கேட்கும். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் கொண்டுவந்து புதைத்த மரங்கள் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சோன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதினார். அந்த மரத்தின்மேல் கை வைத்தபோது, காலத்தின் தொன்மை என்றால் இதுதான் என்று சிறுவயதில் நான் நம்பினேன். நம்மியந்தலில் விழுந்த கல்லின் வயது அதைப்போல இருநூறு மடங்குக்கும் மேல். பூமியே திரளாத காலத்தில் உறைந்த பொருள் அது.

பாக்ஸன் 1891 ஜூனில் சென்னையிலேயே காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் ஹைடெல்பெர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் புகைப்படத் தகட்டின் உதவியால் முதல் சிறுகோளைப் பிடித்தார். கண்ணால் தேடிய யுகம் அத்துடன் முடிந்தது. 1899இல் வானாய்வு கோடைக்கானலுக்குப் பெயர்ந்து, சூரியனையே முதன்மையாகப் பார்க்கத் தலைப்பட்டது. வேராவுக்குப் பின் இந்திய மண்ணிலிருந்து மற்றொரு சிறுகோள் கிடைக்க 103 ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியின் நடுவில்தான் ராமானுஜன் விழுப்புரத்தில் வண்டி மாறினார். திருக்கோவலூரில் அப்போது டெபுடி கலெக்டராயிருந்தவர், 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த வி. ராமஸ்வாமி ஐயர். தாலுகா கச்சேரியில் ஒரு சிற்றுத்தியோகம் கேட்டு நின்ற இளைஞரின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிய அவர், இப்படிப்பட்ட மேதையை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் போட்டுப் புதைக்கத் தமக்கு மனமில்லை என்று எண்ணி, வேலை கொடுக்க மறுத்து, சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். ஒரு மறுப்பு இவ்வளவு பெரிய உபகாரமாக முடிந்ததற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முதலாழ்வார் மூவரும் மழையிருளில் ஓர் இடைகழியில் நெருங்கி நின்று ஒருவரையொருவர் அறிந்துகொண்ட ஊர் அது. அங்கே இந்த இருவரும் அறிந்துகொண்டார்கள். அந்தக் கடிதங்களின் வழியே ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் அமர்ந்தார். 1913இல் அங்கே வந்து அவருடைய கணிதத்தைப் பார்வையிட்டு, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு உதவவேண்டும் என்று எழுதியவர் கில்பர்ட் வாக்கர். மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. வாக்கர் வகித்த பதவி, இந்திய வானாய்வு நிலையங்கள் அனைத்துக்கும் தலைமை. நுங்கம்பாக்கமும் கோடைக்கானலும் அவர் ஆளுகையில் இருந்தவை.

சவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் சந்தனமும் தேக்கும் சூழ்ந்த காவலூர் வரும். கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில், நகர வெளிச்சம் எட்டாத அந்த இடத்தைத் தேர்ந்து வானாய்வு நிலையத்தை உண்டாக்கியவர் வைணு பாப்பு. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் அங்கே தெரியும். அவர் காலமானபின், 1986 ஜனவரியில், 234 சென்டிமீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி அங்கே திறந்துவைக்கப்பட்டது. ஆனால் சிறுகோளைப் பிடித்தது அந்தப் பெரியது அன்று. வானத்தின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் அடக்கும் ஷ்மிட் வகைச் சிறிய தொலைநோக்கி. ஆர். ராஜமோகன் தலைமையில், கல்கி என்று பெயரிட்ட திட்டத்தில், ஒரே வான்பகுதியை இரவுதோறும் படம்பிடித்து ஒப்பிட்டார்கள். பாக்ஸன் விளக்கடியில் புள்ளி வைத்துச் செய்ததையே படச்சுருள் செய்தது. இடம் மாறிய புள்ளியைக் கண்டுகொள்ள மனிதர் கண் அப்போதும் வேண்டியிருந்தது. பிரபவ வருஷம் மாசி மாதத்தில், 1988 பிப்ரவரி 17ஆம் நாள், அகப்பட்ட புள்ளிக்கு ராமானுஜன் பெயர் அமைந்தது. அவருடைய நூற்றாண்டு நிறைந்து இரண்டு மாதங்கூட ஆகவில்லை. காவலூரில் அதே காலத்தில் கண்ட மற்றொன்று, இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தை நடத்திய ஜே.சி. பட்டாசார்யாவின் பெயரைப் பெற்றது.

தென்னாற்காடு மாவட்டம் 1993இல் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. திருக்கோவலூர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் பாசஞ்சர் வண்டி திருக்கோவலூரில் நின்றுதான் போகிறது. சென்ற தை மாதத்தில் ஒரு விடியற்காலை அந்த வண்டிக்காக நடைமேடையின் கடைக்கோடியில், விளக்குகள் தீர்ந்த இடத்தில் நின்றிருந்தேன். வெண்பனி கிளம்பாத வானத்தில் விருச்சிகம் தென்கிழக்கே எழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தலைப்பாகையைக் காதோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெரியவர், “என்னங்க தம்பி, மேல அப்படிப் பார்க்கறீங்க?” என்று கேட்டார். கும்பகோணத்துப் பிள்ளையாண்டான் ஒருவர் இதே இடத்தில் திருக்கோவலூர் வண்டிக்கு மாறியதையும், அவர் பேரில் மேலே ஒரு கல் சுற்றுவதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம்?” என்றார். கண்ணுக்குத் தெரியாது ஐயா, அவ்வளவு சிறியது என்றேன். வண்டி வந்ததும் மூட்டையின் ஒரு முனையை நான் பிடிக்க, இருவரும் ஏறிக்கொண்டோம்.